ஒரே தடுப்பூசி, இரண்டு ஒப்பீடுகள்: 1954 போலியோ சோதனையை வைத்து அளவுசார் ஆய்வு படிப்பது

கேள்வித்தாள் தயாரித்து, கூகுள் ஃபார்மில் ஏற்றி, தெரிந்தவர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி, வந்த பதில்களை எக்செல்லில் இறக்கி முடித்த பிறகுதான் முதுகலை மாணவர்கள் பலர் கைடிடம் வந்து நிற்கிறார்கள்: "சார், இதுக்கு எந்த டெஸ்ட் போடணும்?" எந்தப் புள்ளியியல் சோதனை, டி-டெஸ்ட்டா, கை-ஸ்கொயரா, அனோவாவா என்பதுதான் அவர்களுடைய கவலை. நியாயமான கவலைதான், ஆனால் வரிசையில் கடைசியாக வர வேண்டியது. யாரை யாரோடு ஒப்பிடப் போகிறோம் என்பது அதற்கு வெகு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அங்கே பிசகினால் எந்த டெஸ்ட்டும் கை கொடுக்காது.

இதை விளக்க 1954-ல் அமெரிக்காவில் நடந்த சால்க் போலியோ தடுப்பூசிச் சோதனையை எடுத்துக்கொள்கிறேன். ஒரே தடுப்பூசியை, ஒரே ஆண்டில், ஒரே நாட்டில் இரண்டு விதமாகச் சோதித்தார்கள். இரண்டு வழிகளும் வேறு வேறு எண்களைத் தந்தன. வகுப்பில் ஆய்வு வடிவமைப்பு பற்றிப் பேசுவதெல்லாம் இங்கே கணக்காகவே கண்முன் நிற்கிறது.

பின்னணி

1952-ல் அமெரிக்காவில் சுமார் 58,000 பேருக்குப் போலியோ வந்தது, 3,000 பேருக்கு மேல் இறந்தார்கள். கோடை வந்தாலே பெற்றோருக்குக் கிலி. பல ஊர்களில் நீச்சல் குளங்களை மூடினார்கள். ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1938-ல் தொடங்கிய தேசிய அறக்கட்டளை பொதுமக்களிடம் சில்லறை சில்லறையாகப் பணம் திரட்டி ஆராய்ச்சிக்குக் கொடுத்து வந்தது. அந்த உதவியோடு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஜோனாஸ் சால்க் ஒரு தடுப்பூசியை உருவாக்கினார். ஃபார்மலின் கொண்டு செயலிழக்கச் செய்த வைரஸ் அதில் இருந்தது, ஊசியாகப் போட வேண்டும். நம் ஊரில் முகாம் வைத்து வாயில் விடும் சொட்டு மருந்து வேறு. அது பின்னால் வந்த சாபினின் மருந்து.

சிறிய அளவில் போட்டுப் பார்த்ததில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாவது தெரிந்தது. சரி, எதிர்ப்பொருள் உருவானால் நோய் தடுக்கப்படும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. நிஜமான பிள்ளைகளிடம், நிஜமான நோய்ப் பருவத்தில் பார்த்தாக வேண்டும். ஆய்வின் மொழியில் சொன்னால், கருதுகோள் இது: தடுப்பூசி போட்ட பிள்ளைகளிடம் போலியோ விகிதம் போடாதவர்களைவிடக் குறைவாக இருக்கும். காரணமாக வரும் சாரா மாறி தடுப்பூசி, விளைவாக வரும் சார்ந்த மாறி போலியோ. இந்த இரண்டு வரியை எழுதுவதோடு பல ஆய்வேடுகளின் முதல் அத்தியாயம் முடிந்துவிடுகிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

எல்லோருக்கும் போட்டுவிட்டு, நோய் குறைகிறதா என்று பார்த்தால் என்ன? 1953-ல் அப்படிச் செய்திருந்தால் தடுப்பூசிக்கு அமோக வெற்றி கிடைத்திருக்கும். 1952-ல் 58,000 இருந்த நோயாளிகள் எண்ணிக்கை 1953-ல் 35,000 சொச்சத்துக்கு இறங்கியது, பரவலாக எந்தத் தடுப்பூசியும் போடாமலே. 1954-ல் மறுபடி 38,000-ஐத் தாண்டியது. போலியோ ஒரு வருடம் ஏறும், ஒரு வருடம் இறங்கும். முன்-பின் ஒப்பீட்டை மட்டும் நம்பினால் இந்த ஏற்ற இறக்கத்தையெல்லாம் மருந்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரு பள்ளியில் புதிய கற்பித்தல் முறையைப் புகுத்தி, முன்தேர்வு பின்தேர்வு வைத்து, மதிப்பெண் கூடிவிட்டது என்று முடிக்கும் ஆய்வேடுகளில் இருப்பதும் இதே ஓட்டைதான். மூன்று மாதத்தில் பிள்ளைகள் வேறு வழிகளிலும் கற்றிருப்பார்களே.

ஆகவே, அதே காலத்தில், அதே இடத்தில், தடுப்பூசி போடாத ஒரு கூட்டம் வேண்டும். கட்டுப்பாட்டுக் குழு என்பது அதுதான்.

இரண்டு திட்டங்கள்

அறக்கட்டளை முதலில் போட்ட திட்டம் எளிமையானது. பெற்றோர் சம்மதித்த இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி. ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் ஊசி எதுவும் போடாமல் கவனிப்பது. வயது வித்தியாசம் அதிகமில்லை, பள்ளியும் ஒன்றே. யாருக்கும் வெறும் ஊசி குத்த வேண்டியதில்லை. சால்க்குக்கும் இதுதான் பிடித்திருந்தது. பயனில்லாத திரவத்தைப் பிள்ளைகளுக்கு ஊசியில் ஏற்றிவிட்டு, அவர்களில் யாருக்குப் போலியோ வருகிறது என்று காத்திருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அந்த மனத்தடையை லேசாகத் தள்ளிவிடக் கூடாது. பின்னால் அப்படிப்பட்ட பயனில்லாத திரவத்தை (மருந்துப்போலி) ஒரு குழுவுக்குப் போடவே செய்தார்கள்; சோதனையின் முடிவில் அந்த மருந்துப்போலிக் குழுவில் 4 பிள்ளைகள் போலியோவால் இறந்திருந்தார்கள். தடுப்பூசிக் குழுவில் ஒருவரும் இல்லை.

ஆனால் இந்தத் திட்டத்தைச் சில மாநிலங்களின் சுகாதார அதிகாரிகளும் புள்ளியியலாளர்களும் ஒத்துக்கொள்ளவில்லை. மதிப்பீட்டுப் பொறுப்பை ஏற்ற மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிரான்சிஸும் மருந்துப்போலி வைத்த சோதனை வேண்டும் என்று நின்றார். சால்க் இளம் ஆய்வாளராக வேலை கற்றது இவரிடம்தான். கடைசியில் சமரசம்: 127 பகுதிகளில் அறக்கட்டளையின் கவனிப்புத் திட்டம், 11 மாநிலங்களைச் சேர்ந்த 84 பகுதிகளில் மருந்துப்போலித் திட்டம்.

இந்த இரண்டாவது திட்டத்தில் மூன்று வகுப்புப் பிள்ளைகளும் உண்டு. பெற்றோர் சம்மதித்த பிள்ளைகளை மட்டும் எடுத்து, அவர்களைச் சமவாய்ப்பு முறையில், சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குத் தடுப்பூசி, மறு பாதிக்குப் பார்வைக்கு அதே மாதிரி இருந்த, வைரஸ் இல்லாத திரவம். குப்பிமேல் குறியீடு மட்டும் இருக்கும். ஊசி போடும் மருத்துவருக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. முதல் ஊசி, ஒரு வாரம் கழித்து இரண்டாவது, மேலும் நான்கு வாரம் கழித்து மூன்றாவது. மூன்றும் ஒரே பிரிவுக் குப்பியிலிருந்துதான் வர வேண்டும் என்பதால் ஒவ்வொரு பிள்ளையின் பேருக்கு எதிரிலும் குறியீட்டை எழுதி வைத்தாக வேண்டும். கலந்துகொண்ட பிள்ளைகளுக்கு 'போலியோ முன்னோடி' என்று ஒரு பேட்ஜ் கொடுத்தார்கள். 1954 ஏப்ரல் 26-ல் வர்ஜீனியாவின் மெக்லீன் என்ற ஊரில், ஒரு தொடக்கப் பள்ளியில் முதல் ஊசி விழுந்தது. இரண்டு திட்டங்களிலும் சேர்த்துக் கணக்கில் இருந்த பிள்ளைகள் 18 லட்சத்துக்கு மேல்.

கணக்கு

| குழு | பிள்ளைகள் | போலியோ உறுதியானோர் | லட்சத்துக்கு |
|---|---|---|---|
| மருந்துப்போலித் திட்டம் | | | |
| தடுப்பூசி | 2,00,745 | 57 | 28 |
| மருந்துப்போலி | 2,01,229 | 142 | 71 |
| சம்மதிக்காதோர் | 3,38,778 | 157 | 46 |
| கவனிப்புத் திட்டம் | | | |
| தடுப்பூசி (2-ஆம் வகுப்பு) | 2,21,998 | 56 | 25 |
| ஊசி இல்லை (1, 3-ஆம் வகுப்பு) | 7,25,173 | 391 | 54 |
| சம்மதிக்காதோர் (2-ஆம் வகுப்பு) | 1,23,605 | 54 | 44 |

ஊசிகளைப் பாதியில் நிறுத்தியவர்கள் கொஞ்சம் பேர் உண்டு. அவர்களை இங்கே விட்டிருக்கிறேன்.

முதலில் அட்டவணையின் கடைசி இரண்டு நெடுவரிசைகளின் வேறுபாட்டைப் பாருங்கள். தலைக்கணக்கை மட்டும் பார்த்தால், மருந்துப்போலித் திட்டத்தில் அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சம்மதிக்காதோர்: 157. விகிதமாக்கினால் 71 வாங்கிய மருந்துப்போலிக் குழுவுக்குக் கீழே இறங்கிவிடுகிறார்கள். பகுதியை எண்ணிவிட்டு முழுமையால் வகுக்க மறப்பது நாளிதழ்களில் தினமும் நடக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

நின்று யோசிக்க வேண்டியது அந்த 46 என்ற எண்ணைத்தான். மருந்துப்போலி பெற்றவர்களுக்கும் தடுப்பூசி கிடைக்கவில்லை, சம்மதிக்காதவர்களுக்கும் கிடைக்கவில்லை. இருவரும் இருந்தது அதே ஊர்களில், அதே கோடையில். பிறகு ஏன் ஒரு குழுவில் 71, இன்னொன்றில் 46? அப்பா கையெழுத்துப் போட்டால் பிள்ளைக்குப் போலியோ வரும் வாய்ப்பு கூடுமா?

அதற்கான விளக்கம் போலியோவின் இயல்பில் இருக்கிறது. சுகாதார வசதி குறைந்த வீடுகளில் பிள்ளைகளுக்கு அந்த வைரஸ் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொற்றிவிடும். அப்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் உடம்பில் இருக்கும். தொற்று லேசாக வந்து போய், ஆயுளுக்கும் எதிர்ப்பு சக்தியை விட்டுச் செல்லும். வசதியான, சுத்தமான வீட்டுப் பிள்ளை முதல் தடவையாக வைரஸைச் சந்திப்பது பள்ளி வயதில், தாய் தந்த பாதுகாப்பு தீர்ந்த பிறகு. வாதம் வரும் ஆபத்து அவர்களுக்கே அதிகம். சோதனைக்குச் சம்மதித்த குடும்பங்களோ, சம்மதிக்காதவற்றைவிடச் சராசரியில் வசதியும் படிப்பும் கூடியவை. ஆக, வீட்டின் வசதி கையெழுத்தையும் தீர்மானிக்கிறது, நோய் வரும் வாய்ப்பையும் தீர்மானிக்கிறது. இப்படி இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்கும் காரணியைத்தான் குழப்பும் மாறி என்கிறோம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கவனிப்புத் திட்டத்துக்கு வாருங்கள். ஒரு பக்கம் 25: சம்மதித்த பெற்றோரின் பிள்ளைகள் மட்டும். மறுபக்கம் 54: ஒன்றாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும், அதாவது கேட்டிருந்தால் சம்மதித்திருப்பவர்களும் மறுத்திருப்பவர்களும் கலந்த கூட்டம். நோய் வாய்ப்பு இயல்பிலேயே அதிகமான பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டு, வாய்ப்புக் குறைந்தவர்களும் கலந்த குழுவோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். தடுப்பூசியின் தலையில் கூடுதல் பாரம். விளைவு: இந்தத் திட்டத்தின்படி நோய் 53 சதவீதம் குறைந்தது, மருந்துப்போலித் திட்டத்தின்படி 60 சதவீதம். கைகால் வாதத்தோடு வந்த போலியோவை மட்டும் எடுத்தால் 62-க்கு எதிராக 71.

இந்த முறை பிழை தடுப்பூசிக்குப் பாதகமாக விழுந்தது, அப்படியும் தடுப்பூசி ஜெயித்தது. எப்போதும் இப்படி அமையும் என்று நம்பக் கூடாது. பெரும்பாலான நோய்களில் வசதியானவர்களுக்குத்தான் ஆபத்துக் குறைவு. அங்கே இதே வடிவமைப்பு ஒன்றுக்கும் உதவாத மருந்தைக்கூட உயர்த்திக் காட்டிவிடும். 'தானாக முன்வந்தவர்கள்' மட்டும் நிரப்பிய கூகுள் ஃபார்முக்கும் இது பொருந்தும்.

வீட்டு வசதியை அளந்து கணிதத்தால் சரிசெய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்யலாம், அந்தக் காரணி நமக்குத் தெரிந்திருந்தால். சமவாய்ப்பு ஒதுக்கீட்டின் பலமே, நாம் பெயர்கூட வைத்திராத காரணிகளையும் அது இரண்டு குழுக்களிலும் ஏறத்தாழச் சமமாகப் பரப்பிவிடும் என்பதுதான். சம்மதித்தவர்களுக்குள்ளேயே பிரித்ததால், சம்மதம் என்ற வேறுபாடே அங்கே இல்லாமல் போய்விட்டது.

இத்தனை லட்சம் எதற்கு?

'மாதிரி அளவு எவ்வளவு சார்?' என்பதற்கு 30 என்றும் 100 என்றும் 384 என்றும் மந்திரம் போலப் பதில்கள் உலவுகின்றன. போலியோ பயமுறுத்திய நோய், ஆனால் அரிதான நோய். லட்சத்துக்கு ஐம்பது சொச்சம். அரிதான ஒன்றை எண்ண வேண்டுமானால் பெரிய கூட்டம் வேண்டும்.

மருந்துப்போலித் திட்டத்தில் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு குழுக்களிலும் சேர்த்து 199 பேருக்குப் போலியோ வந்தது. தடுப்பூசிக்கு எந்தப் பலனும் இல்லை என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இன்மைக் கருதுகோள் என்பது இதுதான். குழுக்கள் இரண்டும் ஏறத்தாழச் சம அளவு. எனவே அந்த 199 பேரில் ஒவ்வொருவரும் எந்தக் குழுவில் இருந்தார் என்பது காசு சுண்டிப் போட்டது போல. 199 தடவை சுண்டினால் சுமார் 100 பூ விழும். வழக்கமான விலகல் 7. இங்கே விழுந்திருப்பது 142. எதிர்பார்த்ததிலிருந்து 42 தள்ளி, அதாவது வழக்கமான விலகலைப் போல ஆறு மடங்கு. வெறும் தற்செயலில் இப்படி நடக்க வாய்ப்பு நூறு கோடியில் ஒன்று என்ற அளவில்தான். 'பி' மதிப்பு என்று மென்பொருள் துப்புவது இந்த வகை எண்ணைத்தான். கருதுகோள் உண்மையாக இருக்கும் வாய்ப்பை அது சொல்வதில்லை. பலனே இல்லாத உலகில் இவ்வளவு பெரிய வேறுபாடு எவ்வளவு அரிது என்பதைச் சொல்கிறது.

இதே சோதனையைப் பத்தில் ஒரு பங்கு அளவில், குழுவுக்கு 20,000 பிள்ளைகளோடு நடத்தியிருந்தால்? அதுவே நம் பார்வையில் பிரம்மாண்டமான மாதிரி. ஆனால் அதே விகிதத்தில் 14-க்கு 6 என்றுதான் வந்திருக்கும். 20 தடவை காசு சுண்டினால் ஏதாவது ஒரு பக்கம் 14 அல்லது அதற்கு மேல் விழுவது நூற்றுக்குப் பதினொரு தடவைக்கும் மேல் சாதாரணமாக நடக்கும். தடுப்பூசி அதே தடுப்பூசி, பலனும் அதே 60 சதவீதம். ஆனால் 'புள்ளியியல்படி முக்கியத்துவம் இல்லை' என்று எழுதி மூடியிருப்பார்கள். முக்கியத்துவம் இல்லை என்பதைப் 'பலன் இல்லை' என்று வாசிப்பது எவ்வளவு ஆபத்து என்று இதில் தெரியும். ஆகவே 'பி' மதிப்போடு நிறுத்தாமல் இடைவெளி மதிப்பீட்டையும், அதாவது உண்மையான பலன் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை இருக்கலாம் என்பதையும், கேட்க வேண்டும். மேலே உள்ள எண்களைக் கொண்டு போட்டால் அந்த 60 சதவீதத்துக்கான 95 சதவீத நம்பக இடைவெளி தோராயமாக 45-லிருந்து 70 வரை போகிறது. 4 லட்சம் பிள்ளைகளை வைத்தும் இவ்வளவு அகலம்.

இன்னொன்று. இவ்வளவு பெரிய எண்ணிக்கை என்பதால் இது அமெரிக்கப் பிள்ளைகளின் பிரதிநிதித்துவ மாதிரி என்று எண்ண வேண்டாம். முந்தைய ஆண்டுகளில் போலியோ அதிகமிருந்த இடங்களைப் பார்த்துப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சமவாய்ப்பு வந்தது குழு பிரிப்பில், ஆள் தேர்வில் அல்ல. வைவா என்ற வாய்மொழித் தேர்வில் இந்த இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லாத மாணவரைக் கண்டால் எனக்குத் தனி மரியாதை.

எதைப் போலியோ என்று எண்ணுவது?

மருத்துவர்கள் அந்தப் பருவத்தில் போலியோ என்று அறிவித்தது 1,013 பேரை. ஃபிரான்சிஸின் குழு ஒவ்வொரு நோயாளியையும் தனித்தனியாகப் பரிசீலித்தது. தசைகளின் வலுவை நோய் தொடங்கிய 10 முதல் 20 நாளுக்குள் ஒரு முறை, 50 முதல் 70 நாளுக்குள் இன்னொரு முறை சோதித்தார்கள். ஆய்வகத்துக்கும் மாதிரிகள் போயின. கடைசியில் 150 பேருக்கு இருந்தது போலியோ இல்லை என்று முடிவாகி, 863 மிஞ்சியது. இதெல்லாம் எந்தக் குப்பியில் என்ன இருந்தது என்று தெரியாத நிலையிலேயே நடந்தது.

மருந்துப்போலித் திட்டத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்களில், போலியோ இல்லை என்று கழிக்கப்பட்டவர்கள் தடுப்பூசிக் குழுவில் 25, மருந்துப்போலிக் குழுவில் 20. ஏறக்குறையச் சமம். வேறு காய்ச்சல்களைத் தடுப்பூசி தடுக்காது அல்லவா, சமமாகத்தான் இருக்க வேண்டும். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்த எண்கள் இந்த இரண்டும்தான். மறைப்பு, அதாவது யாருக்கு எந்த ஊசி என்று யாருக்கும் தெரியாமல் வைத்தது, ஒழுங்காக வேலை செய்தது என்பதற்கு அவை சாட்சி. கவனிப்புத் திட்டத்தில் எந்தப் பிள்ளைக்கு ஊசி போட்டது என்பது மருத்துவருக்குத் தெரியும். லேசான காய்ச்சலும் கழுத்து விறைப்புமாக ஒரு பிள்ளை வந்தால், 'இவனுக்குத்தான் தடுப்பூசி போட்டாயிற்றே, போலியோவாக இருக்காது' என்று அவர் மனம் சாய எல்லா வாய்ப்பும் உண்டு. அது ஏமாற்று இல்லை, மனித இயல்பு.

வரையறையைப் பொறுத்து முடிவும் மாறும். மருந்துப்போலித் திட்டத்தில் மருத்துவர் அறிவித்தவர்கள் எல்லோரையும் எடுத்தால் (82-க்கு 162) பலன் 49 சதவீதம். உறுதியானவர்கள் மட்டும் என்றால் 60. கைகால் வாதம் வந்தவர்கள் மட்டும் என்றால் (33-க்கு 115) 71. அறிவிப்பு நாளில் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டதோ 80 முதல் 90 சதவீதம் என்ற எண்ணை. இவற்றில் எதையும் பொய் என்று சொல்ல முடியாது. எதை எண்ணினீர்கள் என்று கேட்காமல் ஏற்கவும் முடியாது. எதை எப்படி எண்ணப் போகிறோம் என்ற செயற்பாட்டு வரையறையைத் தரவு திரட்டும் முன்பே எழுதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். தரவு கைக்கு வந்த பிறகு வரையறுக்க உட்கார்ந்தால் பிடித்த எண்ணைத் தரும் வரையறையே நல்ல வரையறையாகத் தெரியும்.

சோதனைக்கு வெளியே

1955 ஏப்ரல் 12-ல், ரூஸ்வெல்ட் இறந்து சரியாகப் பத்தாம் ஆண்டு நாளில், ஆன் ஆர்பர் நகரில் ஃபிரான்சிஸ் முடிவை அறிவித்தார். அன்றே தடுப்பூசிக்கு உரிமம் கிடைத்தது. இரண்டு வாரத்துக்குள் கலிபோர்னியாவிலிருந்து கெட்ட செய்தி வந்தது. பெர்க்லியில் இருந்த கட்டர் நிறுவனம் தயாரித்த சில தொகுதிகளில் வைரஸ் முழுதாகச் செயலிழக்காமல், உயிரோடு இருந்தது. பிள்ளைகளும் அவர்களிடமிருந்து தொற்றியவர்களுமாகச் சுமார் 200 பேர் கைகால் வாதத்துக்கு ஆளானார்கள், 10 பேர் இறந்தார்கள். அந்தத் தொகுதிகளைத் திரும்பப் பெற்றார்கள். மே மாதத்தில் தடுப்பூசித் திட்டமே சில நாட்கள் நின்றது.

அப்படியானால் 18 லட்சம் பிள்ளைகளோடு நடந்த சோதனை தவறா? இல்லை. சோதனையில் போட்டது வேறு நிறுவனங்கள் தயாரித்து, ஒவ்வொரு தொகுதியும் திரும்பத் திரும்பச் சோதிக்கப்பட்டு வந்த மருந்து. அந்தத் தயாரிப்பு பிள்ளைகளைக் காக்குமா என்பதுதான் ஆய்வின் கேள்வி. அதற்குத்தான் அது பதில் சொன்னது. அவசர அவசரமாகப் பெருமளவில் தயாரிக்கும் ஒவ்வொரு ஆலையும் அதே தரத்தைத் தருமா என்பது வேறு கேள்வி. அதற்கு அந்த அட்டவணையில் ஒரு வரிகூட இல்லை. தயாரிப்பு விதிகளை இறுக்கி, திரவத்தை வடிகட்டும் முறையை மாற்றி, தொகுதிச் சோதனைகளைக் கடுமையாக்கிய பிறகே அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைத்தது.